ஓ.பி. நடக்கும்போதே துடைப்பது

மாப்பிள்ளை டாக்டர் எழுந்து போனதும் குற்றாலிங்கம் முதல் வேலையாக அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு துணியால் துடைத்தார். அழுக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தார். "போயிருச்சில்ல? திரையில ஒண்ணையும் காணோமே. அப்ப சரி, போதும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார் மனுஷன். போதுமாம். எம்.எஸ். படித்தவர், பெரிய டாக்டரின் ஒரே மகளைக் கட்டியவர், தென்காசி வட்டாரத்தில் பித்தப்பைக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று வாசலில் பலகை மாட்டியிருப்பவர், திரையில் காணோம் என்றால் இல்லை என்று நம்பிவிட்டுப் படியேறுகிறார். வயிற்றைத் தைத்து மூடிவிட்டால் உள்ளே இருப்பது இல்லாமல் போய்விடுமா ஐயா? கம்ப்யூட்டரில் ஒன்றை அழிப்பது என்பது வீட்டு வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றுகிற மாதிரிதான். வீடு அப்படியே நிற்கும். தேடத் தெரிந்தவன் ஒருத்தன் வந்தால் அரை மணி நேரத்தில் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவரை வெளியே கூட்டிவந்துவிடுவான். நிஜமாகவே இல்லாமல் ஆக்க வேண்டுமென்றால் அந்த இடத்தின் மேல் பூஜ்யமாக எழுத வேண்டும், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. டிஸ்க்கோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை, சர்வரின் மெமரியில் ஒரு நகல் சும்மா உட்கார்ந்திருக்கும், அதையும் துடைக்க வேண்டும், அதுவும் சர்வரை அணைக்காமல். இதெல்லாம் அவருக்கு எங்கே தெரியும். அவருக்குத் தெரிந்தது நாலு வாக்கியம். "ஓ.பி. நிக்கக் கூடாது. சிஸ்டம் ஸ்லோ ஆகக் கூடாது. ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. துடைச்சிருங்க அண்ணாச்சி." வேலை ஆக வேண்டும் என்றால் அண்ணாச்சி. மற்ற நாளெல்லாம் மாடிப்படியிலிருந்து "யோவ், சிஸ்டம்" என்று கூப்பிடுகிற வாய்தான் இது. குற்றாலிங்கம் துணியை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். மணி பத்து நாற்பது. திரையின் ஓரத்தில் அவருடைய துடைப்பான் ஒன்பது சதவீதம் என்று காட்டியது.

துடைப்பான் என்பது அவரே எழுதிய புரோகிராம். பெயரும் அவரே வைத்ததுதான். மாடிப்படிக்குக் கீழே, எக்ஸ்ரே அறையை ஒட்டி, நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற இந்த அறையில் உட்கார்ந்து ஒரு மழைக்காலம் முழுக்க எழுதினார். யாருக்காவது தெரியுமா அதன் அருமை? சென்னையிலிருந்து கம்பெனி பையன்கள் இரண்டு பேர் ஒரு தடவை வந்தார்கள், கழுத்தில் பட்டை, கையில் காபி. பழைய பதிவுகளை அழிக்கிறோம் என்று காலை பதினோரு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஓ.பி. மொத்தமும் நின்று போனது. கவுண்ட்டரில் நாற்பது பேர், ஒரு டோக்கன் விழவில்லை, வாந்தி எடுக்கிற குழந்தையோடு நிற்கிற பொம்பளை சண்டைக்கு வந்துவிட்டாள். பையன்கள் "சர்வர் லோடு சார்" என்றார்கள். லோடாம். வீட்டில் ஆள் நடமாடும்போது வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டு பெருக்கினால் யார் காலிலாவது மிதிபடத்தான் செய்யும். குற்றாலிங்கத்தின் துடைப்பான் அப்படி இல்லை. கவுண்ட்டர் பெண் ஒரு எழுத்தைத் தட்டினாலும் போதும், அது ஒதுங்கி நிற்கும். அவள் அடுத்த ஆளிடம் பெயர் கேட்டு, அவர் "என்னது?" என்று திருப்பிக் கேட்டு, ஊர் பேர் சொல்லி முடிப்பதற்குள் கிடைக்கிற அந்த நான்கைந்து நொடியில் பாய்ந்து வந்து கொஞ்சம் துடைக்கும். மறுபடி ஒதுங்கும். ஒரு மனுஷன் மூச்சை இழுத்து விடுகிற இடைவெளி இருந்தால் அதற்குப் போதும். மூச்சு என்ற வார்த்தை மனதில் வந்ததும் அவர் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறது. வெளியே சாரல். சுவர் ஓதம் காத்து உப்புப் பூத்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் "டோக்கன் முப்பத்தேழு" என்று அந்தப் பெண் கூப்பிடுவது கேட்டது. போனை எடுத்துக் கேட்டார். "ஏம்மா, சிஸ்டம் ஸ்லோவா இருக்கா?" "இல்லையே சார், நல்லாத்தான் போகுது. ஏன் சார்?" "சும்மா கேட்டேன்." பதினெட்டு சதவீதம். நல்லாத்தான் போகும். யார் எழுதினது.

என்ன துடைக்கிறது என்பதை அவர் நினைக்கவில்லை. நினைக்க என்ன இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கட்டில், ஒரு மணி நேரம். பண்பொழியிலிருந்து வந்த செல்லத்தாய், வயது நாற்பத்தொன்று, பீடி சுற்றுகிறவள், வெள்ளிக்கிழமை பித்தப்பை ஆபரேஷன், ஞாயிறு சாயங்காலம் நாலேகாலுக்குச் செத்துப்போனாள். அன்றைக்கு ட்யூட்டி மாப்பிள்ளை டாக்டருக்கு. ட்யூட்டி என்றால் பின்கட்டில் இருக்கிற வீட்டில் இன்டர்காம் பக்கத்தில் படுத்திருப்பது. நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன், நர்ஸ் எனக்குக் கூப்பிடவே இல்லை என்கிறார் அவர். நர்ஸ் ஜெபக்கனி மூன்று தடவை கூப்பிட்டேன் என்கிறாள். பதினொரு கட்டிலுக்கு ஒற்றை ஆள், வார்டை விட்டு நகர முடியாது. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் அறையில் விசாரணை, செல்லத்தாயின் புருஷனும் அண்ணனும் வருகிறார்கள். கூப்பிடவில்லை என்று ஆகிவிட்டால் ஜெபக்கனிக்கு வேலை போகும், நர்ஸ் பதிவு போகும், போலீஸ், கோர்ட்டு என்று அது வேறு இழுக்கும். இன்டர்காமில் கூப்பிட்டதற்குப் பதிவு கிடையாது. காகிதக் கேஸ் ஷீட்டையும் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஒழித்தாயிற்று, ஒழித்தது யார், குற்றாலிங்கம்தான், ரிப்பன் வெட்டிச் சால்வைகூடப் போட்டார்கள். ஆக அவள் கூப்பிட்டாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்தது அவள் வார்டு கம்ப்யூட்டரில் தட்டிவைத்த ஆறு வரிதான். அந்தப் பிள்ளையிடம் இதுதான் கோளாறு. மற்ற நர்ஸுகள் ஒழுங்காக நாலு எழுத்து இங்கிலீஷில் போட்டுவிட்டுப் போவார்கள். இவள் மட்டும் தமிழில் முழு முழு வாக்கியமாக எழுதுவாள், ஏதோ வீட்டுக்குக் கடுதாசி எழுதுகிற மாதிரி. எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும், சேவ் பொத்தானை இரண்டு தடவை அமுக்குவாள். ஏன் என்று கேட்டால் "ஒரு தடவை அமுக்குனா போயிட்டான்னு பயமா இருக்கு சார், ரெண்டு தடவைன்னா நல்லாப் பதிஞ்சிரும்லா" என்றாள். நல்லாப் பதியுமாம். ஆணியா அடிக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டார் அன்றைக்கு. சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். அதனால் ஒவ்வொரு வரியும் இரண்டு இரண்டாக இருந்தது, அவரும் இரண்டு இரண்டாக அழிக்க வேண்டியிருந்தது.

அழிக்கும்போது படித்தது தப்பு. படிக்காமல் அழித்திருக்கலாம், தேதியைக் கொடுத்தால் போதும். பழக்கதோஷம், கண் போய்விட்டது. 3.10 மூச்சு வாங்குகிறது, டாக்டர் வீட்டுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. 3.25 மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. 3.40 மூன்றாவது தடவை, எடுக்கவில்லை. இதுவரை சரி. அடுத்த வரிதான் எரிச்சல். 3.50 டாக்டர் வருகிறாரா என்று நோயாளி கேட்டார், வந்து கொன்டிருக்கிறார் என்று சொன்னேன். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய்? நாடித்துடிப்பை எழுது, ரத்த அழுத்தத்தை எழுது. நோயாளி கேட்டாராம், இவள் சொன்னாளாம். அதிலும் வந்து கொன்டிருக்கிறார். மூணுசுழி 'ண' போட வேண்டிய இடத்தில் ரெண்டுசுழி 'ன'. பத்தாம் வகுப்பு வரை என்ன கிழித்தாள்? கொண்டு என்பது வேறு, கொன்று என்பது வேறு, ஒரு சுழி குறைந்தால் அர்த்தம் எங்கே போய் நிற்கிறது பார். வந்து கொன்டிருக்கிறார். இந்த இடத்தில் அவர் கை நின்றது. அழிக்கப்போகிற வரியில் அந்த எழுத்தைத் திருத்திவிட்டு அழிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது, திருத்தக்கூடச் செய்திருப்பார், அதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை டாக்டர் தொண்டையைச் செருமிவிட்டார். அவரும்தான் அந்த வரியைப் படித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த மனுஷனுக்கு ரெண்டுசுழியும் ஒன்றுதான் மூணுசுழியும் ஒன்றுதான். ஊட்டி கான்வென்ட். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு சதவீதம். எக்ஸ்ரே அறையில் யாரோ "மூச்சைப் பிடிங்க, விடாதீங்க" என்று சொல்வது சுவர் வழியாக வந்தது, விடச் சொல்லும்வரை குற்றாலிங்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பயம் என்றெல்லாம் இல்லை. பயப்பட அவர் என்ன செய்துவிட்டார். சொன்னதைச் செய்கிறார். போகும்போது வாசலில் நின்று மாப்பிள்ளை டாக்டர் சொன்னது மட்டும்தான் கொஞ்சம் நெருடியது. "நீங்கதான் பாத்துக்கணும் அண்ணாச்சி." நீங்கதான். நான் இல்லை, நீங்கதான். நாளைக்கு ஏதாவது வெளியே வந்தால் சர்வர் சாவி யார் கையில் இருந்தது என்று கேட்பார்கள், குற்றாலிங்கம் கையில். பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், குற்றாலிங்கத்துக்கு. மாப்பிள்ளை டாக்டர் அந்தப் பக்கமே போனதில்லை என்று சொல்ல ஐம்பது பேர் இருக்கிறார்கள், அவருக்குக் கூப்பிடவில்லை என்று சொல்லவே ஆள் கிடைக்கும்போது இது என்ன. நாற்பத்தெட்டு வயதில், கையில் ஒரு மூன்று மாதக் கம்ப்யூட்டர் சான்றிதழோடு எங்கே போய் நிற்பது? வீட்டுக்காரிக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் இதே ஆஸ்பத்திரியில், மேல்மாடியில், ஊழியர் குடும்பம் என்று நல்ல கட்டில் கொடுத்திருக்கிறார்கள், ஊசி குத்துவதும் ஜெபக்கனிதான், வேறு யார் குத்தினாலும் கையைக் கொடுக்கமாட்டாள் அவள். ஜெபக்கனி குத்துனா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு என்பாள். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். குத்தத் தெரிந்தால் மட்டும் போதுமா, எழுதத் தெரிய வேண்டாமா. மூன்றாம் வகுப்பில் கரும்பலகை துடைப்பது குற்றாலிங்கத்தின் வேலை. மற்ற பயல்கள் வறட்டுத் துணியால் இழுத்துவிட்டு ஓடுவான்கள், வெள்ளை வெள்ளையாகப் பழைய எழுத்து தெரியும், முந்தாநாள் கணக்கின் மேலே நேற்றைய கணக்கு. அவர் ஈரத்துணியைப் பிழிந்து, மேலிருந்து கீழாக, ஓரம் வரைக்கும், ஒரு கோடு விடாமல் துடைப்பார். குற்றாலிங்கம் துடைச்சா நேத்து ஸ்கூல் நடந்துதான்னே தெரியாது என்பார் வாத்தியார். அதைப்போல ஒரு பாராட்டு அப்புறம் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. சால்வை எல்லாம் அதற்குக் கீழேதான்.

ஐம்பத்தெட்டு. இனி நிறுத்தினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அதைத்தான் இருபது சதவீதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். துடைப்பான் எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று கணக்கு கிடையாது, காலி இடத்தை எல்லாம் மேய்ந்துகொண்டு போகும், அந்த ஆறு வரி கிடந்த இடத்தை எப்போதோ தாண்டியிருக்கும். தாண்டியாயிற்று. முடிந்தது. முடிந்ததை என்ன செய்ய முடியும். இந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தன் வேலை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது, அதுதான் அவர் பிறவிக்குணம். டிஸ்க்கைத் திறந்து, 'எடுக்கவில்லை' என்ற சொல்லைத் தேடச் சொன்னார். இருந்தது. ஒரு குப்பைக்குள் கிடக்கிற மாதிரி, முன்னும் பின்னும் புரியாத எழுத்துகள், நடுவில் முழுசாக, மூன்று தடவை எடுக்கவில்லை, கீழே வந்து கொன்டிருக்கிறார். ஒரு சுழிகூடச் சேதம் இல்லை. நிறுத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதுவும் அவர் வைத்ததுதான், சிவப்பில். அதை ஒரு தடவை தொட்டால் போதும். மாப்பிள்ளை டாக்டருக்குத் திரையில் காணோம், அவர் நிம்மதியாக இட்லி தின்றுகொண்டிருப்பார், ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. இந்தத் துண்டை எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு, யாராவது, எப்போதாவது. வேலையைக் கொஞ்சம் மோசமாகச் செய்தால் போதும், அந்தப் பிள்ளை பிழைத்துவிடும். அவ்வளவுதான் கேட்கிறது. கம்பெனி பையன்கள் செய்கிற மாதிரி, இந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் எல்லா வேலையும் செய்கிற மாதிரி, அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்தால் போதும்.

அதுதான் அவரால் முடியவில்லை. அறுபத்துமூன்று. யாரைத்தான் அவர் மதித்திருக்கிறார் இந்தக் கட்டடத்தில்? தூங்கிவிட்டுத் தூங்கவில்லை என்கிறவனையா, எல்லாம் தெரிந்தும் விசாரணை என்று நாற்காலி போடுகிற மாமனாரையா, "அய்யோ பாவம் ஜெபக்கனி" என்று வராண்டாவில் உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போய் வாயை மூடிக்கொள்கிற மற்ற நர்ஸுகளையா? எல்லாரும் அரைகுறை. நல்லவனாக இருப்பதிலும் அரைகுறை, கெட்டவனாக இருப்பதிலும் அரைகுறை. இந்த மொத்தக் கும்பலிலும் ஒரு வேலையை எடுத்தால் கடைசிவரை ஒழுங்காகச் செய்கிறவன் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஒருத்தன்தான். அவனும் பாதியில் விட்டால் அப்புறம் அவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? இப்படி நினைத்ததும் நெஞ்சு ஒரு மாதிரி நிமிர்ந்தது. கூடவே, பென்டிரைவில் எடுத்து வைத்தால் அதை யாரிடம் கொடுப்பது, கொடுத்தால் எடுத்தது யார் என்று கேட்கமாட்டார்களா, மேல்மாடியில் கட்டில் இருக்குமா என்ற நினைப்பும் அடியில் ஓடத்தான் செய்தது, அதை அவர் எட்டிப் பார்க்கவில்லை. சுத்தமாக வேலை செய்கிறவன் என்ற பெயரில் கோழையாக இருப்பது எவ்வளவு வசதி என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் மாப்பிள்ளை டாக்டரைப் பார்க்கிற மாதிரி அவனையும் பார்த்திருப்பார். அங்கே சொல்ல ஆள் இல்லை. டோக்கன் அறுபத்தாறு. கவுண்ட்டர் பெண் தட்டும்போதெல்லாம் துடைப்பான் ஒதுங்கி நின்றது, அவள் விட்ட இடத்தில் பாய்ந்தது. எழுபத்தொன்று. எண்பது. எண்பத்துநாலில் மறுபடி தேடிப் பார்த்தார். மூன்று எடுக்கவில்லையில் ஒன்றுதான் இருந்தது. தொண்ணூற்றொன்றில் அதுவும் இல்லை. மெமரியைத் துடைத்தார். அங்கேதான் கடைசியாக அந்தக் கொன்டிருக்கிறார் ஒட்டிக்கொண்டிருந்தது, தேடியது இவர்தானே, இவர் தேடினதாலேயே அது அங்கே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதையும் பூஜ்யமாக்கினார். ஓ.பி. ஒரு நொடி நிற்கவில்லை. சென்னைக் கம்பெனி மொத்தமும் வந்தாலும் இந்த மாதிரி செய்ய முடியாது என்று நினைத்தார். அதைச் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லையே என்றும் இருந்தது.

பதினொன்று ஐம்பதுக்குக் கதவைத் தட்டிவிட்டு ஜெபக்கனி உள்ளே வந்தாள். யூனிபாரம் தோளில் சாரல் நனைத்திருந்தது, பிளாக் மாறி வந்திருக்கிறாள். தூங்காத கண். "சார், பன்னெண்டுக்கு என்னையக் கூப்பிட்டிருக்காங்க. நான் டாக்டருக்குக் கூப்பிடவே இல்லன்னு சொல்லுதாங்க சார். எல்லாம் சிஸ்டத்துல இருக்கு, சார்ட்ட வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமைய மட்டும் ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்க." பிரிண்டர் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். மேலிடத்து அனுமதி வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். குற்றாலிங்கத்தின் கை பாட்டுக்குத் தேதியைத் தட்டியது, கட்டில் நம்பரைத் தட்டியது. பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பதிவு எதுவும் இல்லை. அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் குனிந்து படித்தாள். "தேதி சரியாப் போட்டியளா சார்?" "சரிதாம்மா." "இன்னொரு தடவை போட்டுப் பாருங்க சார்." போட்டார். அதே பதில், அதே வேகம். அவள் சுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். "ஓ.பி. நேரம்லா சார், சிஸ்டம் ஸ்லோவா இருக்கும். மெதுவாத்தான் வரும். வரட்டும், நான் நிக்கேன்" என்றாள், ஏதோ இவருக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. சிஸ்டம் ஸ்லோ இல்லை என்று சொல்லக் குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். மேலே யாரோ ஜெபக்கனி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் அசையவில்லை. அவர் மூன்றாவது தடவையாகத் தேதியைத் தட்டினார்.